பந்து பாதி, எண்ணெய் பாதி

பௌலிங் பழகத் தொடங்கி நாலைந்து மாதம் ஆனவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சொந்தமா ஒரு பந்து வாங்கலாம்னு இருக்கேன், எது நல்ல பந்து?" சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள், வண்டலூர் சாலையில் இருக்கும் விஐடி மாணவர்கள், அலுவலகக் குழுவோடு கானத்தூர் மாயாஜாலுக்கோ ஏதாவது ஒரு மாலுக்கோ ஒரு தடவை போய்விட்டு ஆட்டத்தில் மனசைப் பறிகொடுத்தவர்கள் என்று கேளம்பாக்கம் வட்டாரத்தில் இதைக் கேட்கக்கூடியவர்களுக்குக் குறைவில்லை. பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பிராண்டின் பெயர், அல்லது யாரோ ஒருவர் வில்லாக வளைத்துப் போட்டுப் பத்துப் பின்னையும் ஒரே அடியில் சாய்க்கும் யூடியூப் வீடியோ. என்னைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல முடியாது. பந்துக்கென்று தனியாக ஒரு ஆட்டம் கிடையாது. லேனில் பூசியிருக்கும் எண்ணெயும் பந்தின் மேல்தோலும் உரசும் இடத்தில்தான் ஆட்டம் பிறக்கிறது. இதை ஒத்துக்கொண்டால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டிவரும்: நம் பக்கத்தில் முதல் பந்து வாங்குகிறவர், கடையில் இருப்பதிலேயே விலை கூடிய முரட்டுப் பந்தை வாங்கினால், பெரும்பாலும் காசைக் கொடுத்து ஸ்கோரைக் குறைத்துக்கொள்கிறார்.

லேனில் எண்ணெய் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பளபளப்பாக இருக்கிறதே, பாலிஷ் போட்டிருப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம். கோட்டைத் தாண்டிக் காலை வைத்து வழுக்கி விழுந்தவர்களுக்கு மட்டும் விஷயம் புரிந்திருக்கும். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் சுமார் 41½ அங்குலம், அது 39 பலகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இப்போது நிஜப் பலகை இல்லாத செயற்கைத் தளமாக இருந்தாலும் கணக்கு அதே 39தான். இதில் முதல் 40 அடிக்கோ என்னவோ ஒரு இயந்திரம் எண்ணெய் பூசிவிட்டுப் போகும். மீதி 20 அடி காய்ந்த தரை. மரத்தளம் தேயாமல் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய பழக்கம் இது, பிறகு ஆட்டத்தின் உயிராகவே ஆகிவிட்டது. ஒரு லேனுக்குச் செலவாகும் எண்ணெய் ஏறக்குறைய 25 மில்லி, அதாவது ஐந்து டீஸ்பூன். அதை 40 அடி நீளத்துக்கு இழுத்துப் பரப்பினால் சராசரிக் கனம் 2 மைக்ரான்கூடத் தேறாது. ஒரு தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம் இருக்கும் இடத்தில் உராய்வுக் கெழு 0.04 அளவில் இருக்கும், இல்லாத இடத்தில் 0.2 அளவுக்கு ஏறிவிடும். ஐந்து மடங்கு வித்தியாசம்.

இந்த ஐந்து மடங்கு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழகிய ஒருவர் விடும் பந்து நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது என்போம். அந்த வேகத்தில் வழுக்காமல் உருள வேண்டுமானால் பந்து நிமிடத்துக்கு 700 சுற்று சுற்ற வேண்டும். கையை விட்டுப் போகும்போது இருப்பதோ சுமார் 300 சுற்று, அதுவும் பக்கவாட்டில் சாய்ந்த சுழற்சி. ஆக, பந்து முதலில் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. காய்ந்த தரையைத் தொட்டதும் உராய்வு பிடித்துக்கொள்ள, சாய்ந்த சுழற்சி பந்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது, அதுதான் ஹூக். கடைசியில் வேகமும் சுழற்சியும் ஒத்துப்போக, பந்து முழுசாக உருளத் தொடங்குகிறது. வழுக்கல், வளைவு, உருளல் என்ற இந்த மூன்றும் எந்தெந்த அடியில் நடக்கின்றன என்பதில்தான், பத்தும் சாயும் ஸ்ட்ரைக்கும் பின்கள் பிளந்து நிற்கும் ஸ்பிலிட்டும் பிரிகின்றன. வலது ஓரத்திலிருந்து நேர்க்கோட்டில் பந்தைப் போட்டால், முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே இருக்கும் பாக்கெட்டில் அது நுழையும் கோணம் ஒன்றரை டிகிரியைத் தாண்டாது. பத்தும் விழ அதிக வாய்ப்பு தரும் கோணம் 6 டிகிரியை ஒட்டி என்பது அமெரிக்காவின் யுஎஸ்பிசி அமைப்பு சோதித்துச் சொன்னது. அந்த மீதி நாலரை டிகிரியை எண்ணெய் முடிகிற இடம்தான் கொடுக்கிறது.

எண்ணெய் பூசுவதிலும் பல வகை. கூடங்களில் சாதாரணமாகப் போடும் ஹவுஸ் பேட்டர்னில் நடுவில் எண்ணெய் கனமாக இருக்கும், ஓரங்களில் மெல்லிசாக இருக்கும். பத்துக்கு ஒன்று என்ற விகிதம்கூட உண்டு. இதன் விளைவு என்னவென்றால், பந்தை வலது பக்கம் தவறவிட்டால் காய்ந்த ஓரம் அதைத் திருப்பி உள்ளே அனுப்பும், உள்பக்கம் தவறவிட்டால் நடு எண்ணெய் வளைய விடாமல் பிடித்து நிறுத்தும். இரண்டு தவறும் பாக்கெட்டுக்கே வந்து சேரும். ஸ்போர்ட் பேட்டர்னில் அந்த விகிதம் இதைவிட மிகக் குறைவு, அங்கே தவறு தவறாகவே முடியும். நீளமும் மாறும். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான பிபிஏ தன் பேட்டர்ன்களுக்கு விலங்குகளின் பெயரை வைத்திருக்கிறது: வுல்ஃப் 32 அடி, பேட்ஜர் 52 அடி. நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் வருகிற பலகையில் பந்து எண்ணெயை விட்டு வெளியேற வேண்டும் என்று பௌலர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 40 அடிக்கு, வலது ஓரத்திலிருந்து எண்ணினால், ஒன்பதாம் பலகை. வுல்ஃபுக்கு முதல் பலகை, அதாவது லேன் ஓரத்துப் பள்ளத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். பேட்ஜருக்கு 21 என்று வருகிறது. லேனின் நடுவையே தாண்டிப் போகிற எண் அது. அங்கே வளைவுக்கு இடமே இல்லை, நடுவில் நேராகப் போடத் தெரிந்தவர்தான் பிழைப்பார் என்பதே அதன் பொருள்.

இப்போது ஒரே பந்தை இந்தத் தரைகளில் விட்டுப் பாருங்கள். உப்புத்தாளால் தேய்த்தது போல மங்கலான தோல் கொண்ட ரியாக்டிவ் ரெசின் பந்து, நீளமான கனத்த எண்ணெயில் அருமையாக வேலை செய்யும். தோலில் இருக்கும் நுண்ணிய முள்கள் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடுவதால் மற்றப் பந்துகள் வழுக்கும் இடத்தில் அது பிடிக்கும். அதே பந்தைக் காய்ந்த லேனில் விட்டால் இருபதாவது அடியிலேயே பிடித்துக்கொண்டு, பின்கள் வருவதற்கு வெகுமுன்பே வளைந்து முடித்து, வெறுமனே உருண்டு வந்து சேரும். பார்க்க நிறைய வளைந்த மாதிரி இருக்கும், அடியில் வலு இருக்காது. நுழைவுக் கோணம் போய்விட்டதால் மூலையில் பத்தாம் பின் ஆடாமல் நிற்கும். அதிகம் வளையும் பந்து அதிகம் சாய்க்கும் என்ற நம்பிக்கை உடைகிற இடம் இது. காய்ந்த லேனில் பளபளவென்று பாலிஷ் செய்த சாது பந்துதான் சேமித்து வைத்த சக்தியோடு போய் மோதும். அதே சாது பந்தைக் கனத்த எண்ணெயில் விட்டால் வளையவே நேரமில்லாமல் பாக்கெட்டைத் தாண்டிப் போய்விடும். குட்டையான பேட்டர்னில், கடைசி இருபத்தைந்து அடி காய்ந்து கிடக்கும்போது, யூரித்தேன் பந்து நிதானமாக, முன்கூட்டிச் சொல்லக்கூடிய வளைவோடு போகும். ரெசின் பந்து அங்கே திடீரென்று கழுத்தைத் திருப்பும். எந்தப் பந்தும் எல்லாத் தரைக்கும் நல்ல பந்து இல்லை.

எண்ணெயைச் சந்திப்பது பந்தின் எந்தப் பாகம் என்று கேட்டால், தோல் என்றுதான் வரலாறு முழுக்கச் சாட்சி இருக்கிறது. 1973-ல் டான் மெக்யூன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் தன் பிளாஸ்டிக் பந்துகளை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்துத் தோலை மென்மையாக்கினார். தீப்பற்றக்கூடிய, மூச்சுக்கு ஆகாத ரசாயனம் அது. யாரும் முயற்சி செய்ய வேண்டாம். உள்ளே இருக்கும் கட்டை மாறவில்லை, எடை மாறவில்லை, தோல் மட்டும்தான் மாறியது. அந்த வருஷம் ஆறு பட்டங்களை வென்று பிபிஏவின் ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். அதன் பிறகுதான் பந்தின் கடினத்துக்கு விதி வந்தது. 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் என்று விளையாட்டைப் புரட்டிப்போட்ட மாற்றங்கள் எல்லாமே தோலில் நடந்தவை. 2008-ல் யுஎஸ்பிசி வெளியிட்ட பந்து இயக்க ஆய்வும், பந்தின் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளில் தோலின் நுண்சொரசொரப்பையே முன்வரிசையில் வைத்தது: முள்கள் எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம் என்பது. 2020-ல் நடைமுறைக்கு வந்த விதிகள், புதுப் பந்துகள் எண்ணெயை உறிஞ்சும் வேகத்துக்கு வரம்பு போட்டன. 2022-ல், நிர்ணயித்ததைவிடத் தோல் மென்மையாக இருக்கிறது என்று 2016, 2017-ல் தயாரான பர்பிள் ஹாமர் பந்துகளை யுஎஸ்பிசி தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. மெக்யூன் காலத்துச் சண்டை ஐம்பது வருஷம் கழித்தும் அதே தோலைச் சுற்றியே நடக்கிறது.

உள்ளே இருக்கும் கோர் எதற்கு, அதற்குத்தானே கம்பெனிகள் இவ்வளவு படம் போட்டு விளக்குகின்றன என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. கோரின் வடிவம் பந்து எவ்வளவு சீக்கிரம் சுழற்சியைப் பிடிக்கிறது, சுழலும் அச்சு எவ்வளவு நகர்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அச்சு நகர்வதால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத் தோல் தரையைத் தொடுகிறது, பிடிமானம் கூடுகிறது. ஆனால் இந்தக் கடைசி வாக்கியத்தையே இன்னொரு தடவை பாருங்கள். கோர் தன் வேலையைத் தோல் வழியாகத்தான் செய்கிறது. தரையில் உராய்வு இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரக் கோரும் வழுக்கிக்கொண்டேதான் போகும். நடைமுறையில் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கோரை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. துளை போடும் இடத்தை வைத்துக் கொஞ்சம் சரிசெய்யலாம், அவ்வளவுதான். 2020 முதல், எடையைச் சமன்செய்யப் போடும் கூடுதல் துளைக்கும் தடை வந்துவிட்டது. தோலையோ பத்து நிமிஷத்தில் மாற்றலாம், ஆடப்போகும் லேனைப் பொறுத்து மறுபடி மாற்றலாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் ஆறு எட்டுப் பந்துகளை உருட்டிக்கொண்டு வருகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. அவர்கள் ஆடும் தரை அப்படி. பல நாள் போட்டியில் நீளமும் கனமும் வேறான பேட்டர்ன்கள் வரும், ஒரே நாளிலேயே எண்ணெய் தேயத் தேயப் பந்தை மாற்ற வேண்டும், போட்டி நடக்கும்போது உப்புத்தாளைக் கையில் எடுக்க விதி இடம் கொடுக்காது. பல முறை தேசிய சாம்பியனான தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் மாதிரி வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகிறவருக்குப் பந்து மூட்டை அவசியம்தான். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே கூடத்தில், ஒரே மாதிரி எண்ணெயில் ஆடுகிறவருக்கு அந்தத் தேவை இல்லை. குறி தவறாமல் போடத் தெரிந்தால் போதும், எண்ணெய்ப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. குறி முக்கியம்தான். ஆனால் எந்தக் குறி? ஒன்பதாம் பலகையைத் தவறாமல் தொடும் கை, எண்ணெய் முடிகிற இடம் ஐந்து அடி தள்ளிப்போன லேனில், அதே துல்லியத்தோடு ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைத் தவறவிடும்.

நம் ஊர்க் கூடங்களின் நிலைமைக்கு வருகிறேன். இங்கே லேன்களில் அதிகம் ஓடுவது ரேக்கில் வைத்திருக்கும் ஹவுஸ் பந்துகள், கடினமான பிளாஸ்டிக் தோல். ரெசின் பந்து எண்ணெயை உறிஞ்சி லேனின் முன்பகுதியைக் காய வைக்கும். பிளாஸ்டிக் பந்து உறிஞ்சாது. எண்ணெயைத் தோலில் ஏந்திக்கொண்டு போய்க் காய்ந்திருக்க வேண்டிய கடைசி இருபது அடியில் கோடு கோடாகத் தடவிவிடும். பௌலர்கள் இதைக் கேரிடவுன் என்பார்கள். காலையில் பூசிய லேனில் நாள் முழுக்கக் குடும்பங்களும் பிறந்தநாள் கூட்டங்களும் ஆடி முடித்திருந்தால், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அங்கே இருப்பது காலையில் இயந்திரம் போட்ட பேட்டர்ன் அல்ல. சூடும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி ஏசியை அணைத்துவிட்டு மறுநாள் திறக்கும் கூடத்தில், சித்திரை வெயில் காலத்தில் எண்ணெயின் குழைவே வேறாக இருக்கும். சூடேறினால் எண்ணெய் இளகும் என்பது சமையல்கட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேப்பாக்கத்தில் இன்றைக்குச் செம்மண் பிட்ச்சா கரிசல்மண் பிட்ச்சா என்று பார்க்காமல் சென்னையில் யாரும் கிரிக்கெட் பேசுவதில்லை. பௌலிங்கில் பிட்ச் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்தப் பேச்சே இல்லாமல் போய்விட்டது.

கண்ணுக்குத் தெரியாததைப் பந்து காட்டிக்கொடுக்கும். திரும்பி வரும் பந்தை உடனே துண்டால் துடைக்காமல் விளக்கு வெளிச்சத்தில் ஒரு நொடி திருப்பிப் பாருங்கள். விரல் துளைகளுக்குப் பக்கத்தில், பந்தைச் சுற்றி மெல்லிய எண்ணெய் வளையங்கள் தெரியும். வளையங்கள் கனமாக, ஈரமாகப் பளபளத்தால் நீங்கள் ஆடிய பாதையில் எண்ணெய் இன்னும் நிறைய இருக்கிறது. போன ஆட்டத்தில் தெளிவாகத் தெரிந்த வளையம் இப்போது புகை மாதிரி மங்கிவிட்டதென்றால் முன்பகுதி காய்ந்துகொண்டு வருகிறது. வலக்கைக்காரர் நிற்கும் இடத்தை இரண்டு பலகை இடப்பக்கம் தள்ளிப் பார்க்கும் நேரம் அது. வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா, விசிறி மாதிரி விரிகின்றனவா என்பதும் தெரியும். விரிந்தால் கோர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பார்த்த பிறகு துடைத்துவிட வேண்டும். அதுவும் ஒவ்வொரு முறையும், ஏனென்றால் தோலில் தங்கும் எண்ணெய் அடுத்த வீச்சின் பிடிமானத்தைத் தின்றுவிடும்.

ஆகவே முதல் பந்தாக நான் பரிந்துரைப்பது நடுத்தர விலையில், சாந்தமான கோரோடு, நடுத்தரப் பிடிமானம் உள்ள ஒரு ரெசின் பந்து. அதோடு ஸ்பேர் அடிக்க, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களைச் சாய்க்க, ஒரு பிளாஸ்டிக் பந்து, முடிந்தபோது. எண்ணெயைச் சட்டை செய்யாமல் நேராகப் போவதே அதன் குணம் என்பதால் மூலைப் பின்னுக்கு அதைவிடத் தோதான பந்து கிடையாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதிக்கு அப்ரலான் வட்டுகள் வாங்கிக்கொள்ளலாம். 500, 1000, 2000, 3000, 4000 என்று நைசு எண்களில் வரும், பின்னால் பஞ்சு வைத்த உப்புத்தாள் அது. பந்தைச் சுத்தம் செய்து, வட்டைத் தண்ணீரில் நனைத்து, பந்தின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தத்தில் தேய்த்தால் போதும். சுழற்றும் மேடை இருந்தால் வசதி, இல்லாவிட்டால் கையாலேயே பொறுமையாகச் செய்யலாம். கனத்த எண்ணெய்க்கு 1000, வழக்கமான ஹவுஸ் லேனுக்கு 3000-லிருந்து 4000, காய்ந்த லேனுக்கு மேலே கொஞ்சம் பாலிஷ் என்று தொடங்கிப் பார்க்கலாம். இவ்வளவு காசு போட்டு வாங்கியதை உப்புத்தாளால் தேய்ப்பதா என்று மனசு பதறும். தேய்வது மில்லிமீட்டரில் ஒரு துளி. தேய்க்காமல் வைத்திருந்தாலும் தோல் அப்படியே இருக்கப்போவதில்லை. சில பத்து ஆட்டங்களில் லேனே அதை வழவழப்பாக்கி, கடையில் பார்த்த குணத்தை எடுத்துக்கொண்டுபோய்விடும். புதுசில் நல்லா வளைஞ்சது, இப்ப செத்துப்போச்சு என்று ஓரங்கட்டி வைக்கும் பந்துகளில் பல, தோல் மழுங்கி எண்ணெய் குடித்த பந்துகள்தான். சுத்தம் செய்து தேய்த்தால் பெரும்பாலும் எழுந்து வந்துவிடும்.

இதில் ஆட்டக்காரர் தனியாகச் செய்ய முடியாத ஒரு பகுதியும் இருக்கிறது. தன் பந்தின் தோல் என்ன நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எதிரில் இருக்கும் எண்ணெயின் நீளம், அளவு, பூசிய நேரம் மூன்றும் கூடத்துக்கு மட்டுமே தெரியும். உலகப் போட்டிகளில் பேட்டர்னை வரைபடமாகவே முன்கூட்டி வெளியிடுகிறார்கள். இங்கே வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள், அவர்களுக்கு இது எதற்கு என்று கூடம் நடத்துகிறவர்கள் கேட்கலாம். அந்த ஒன்பது பேருக்கும் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பத்தாவது ஆள்தான் வாரா வாரம் வருகிறவர், லீக் ஆடுகிறவர், அடுத்த மாநிலப் போட்டிக்குப் போகிறவர். ஹவுஸ் பேட்டர்னில் 190 போட்டுக்கொண்டிருந்தவர் முதல் தடவையாக ஸ்போர்ட் பேட்டர்னில் ஆடி 150-க்கு இறங்கும்போது, கை கெட்டுப்போனதாக நினைத்துக்கொள்கிறார். இரண்டு தரையும் வேறு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எண்ணெய் இயந்திரத்துக்குள்ளேயே பேட்டர்னின் எல்லா விவரமும் பதிவாகி இருக்கிறது. ஷூ வாங்கும் கவுன்ட்டரில், இன்றைக்கு 40 அடி, 24 மில்லி, காலை 10 மணிக்குப் பூசியது என்று ஒரு சிலேட்டில் எழுதிவைக்க ஒரு நிமிஷம் போதும். லீக் ஸ்கோரைப் பதிகிறவர்கள் அதே வரியை ஸ்கோருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டால், ஆறு மாதத்தில் எந்தப் பந்து எந்த எண்ணெயில் என்ன செய்கிறது என்பதற்கு நம் பக்கத்து லேன்களின் கணக்கே கையில் இருக்கும்.